வேர்த்த வாளி

எட்டு வயதில் எனக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஊசி, இன்னொன்று பெரியப்பா. ஊசிக்குக் காரணம் சர்க்கரை நோய். சின்னப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது என்று ஊரே மூக்கில் விரலை வைத்தது. வேளைக்கு இன்சுலின் போடாவிட்டால் பிள்ளை தங்காது என்று தேனி டாக்டர் சொல்லியிருந்தார். பெரியப்பாவோ கூட்டுக் கிணற்றில் மோட்டார் ஓட்டும் முறைக்காக அப்பாவோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தார். அடுத்தடுத்த வீடுதான். எதிரெதிரே வந்தால் இருவருக்கும் வானத்தில் ஏதாவது தென்பட்டுவிடும்.

அந்தச் சித்திரையில் கோடை மழையோடு வந்த காற்று, தேவாரம் பக்கத்துக் கரண்டுக் கம்பங்களை வரிசையாகச் சாய்த்துவிட்டது. ஃபிரிட்ஜ் நின்றது. அதற்குள் என் மருந்து. மறுநாளே வெயில் பழையபடி கொளுத்த, மருந்து கெட்டுவிடுமே என்று அம்மா அழுதாள். ஐஸ் தேடி அப்பா சின்னமனூர், கம்பம் என்று வண்டியில் அலைந்தார். அங்கேயும் கரண்டு இல்லை. புது மருந்து வாங்கினாலும் வைக்க இடம் வேண்டுமே. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. மருந்து கெட்டால் ஊசி கிடையாது. கரண்டே வரக்கூடாது என்று மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் பெரியப்பா ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் யூரியாப் பையுமாக எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா பக்கமே திரும்பாமல் என்னிடம் சொன்னார்:

"ஆத்தா, வாழைக்கு யூரியா கரைக்கணும், எங்க தொட்டியில தண்ணி இல்லன்னு ஒங்கப்பன்ட்டச் சொல்லு."

அப்பாவும் என்னைப் பார்த்தே, "தொட்டி அங்கனதான் இருக்கு, மோந்துக்கிடச் சொல்லு ஆத்தா" என்றார்.

யூரியாவை அள்ளிப் போட்டுக் கலக்கக் கலக்க, வாளியின் வெளிப்பக்கம் வேர்த்தது. விரலை விட்டுப் பார்த்தேன், அப்படிச் சில்லென்று இருந்தது! கரையும்போது அது தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொள்ளும், அதற்கு வெப்பங்கொள் மாற்றம் என்று பெயர் என்றெல்லாம் பதினோராம் வகுப்பில் படித்தேன். அன்று தெரிந்ததெல்லாம் சில்லிப்புத்தான்.

"வாளி இங்கனயே கெடக்கட்டும், பொழுதுசாய வந்து எடுத்துக்கிடுறேன்" என்றார் பெரியப்பா. "அதுக்குள்ள யாரு எதை வச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மருந்துக் குப்பியைப் பாலிதீனில் சுற்றி, சின்னத் தூக்குச்சட்டியில் போட்டு மூடி, வாளிக்குள் இறக்கினாள். மேலே ஈரச்சாக்கைப் போர்த்தினாள்.

கரண்டு வரும்வரை பெரியப்பா காலையும் மாலையும் வந்தார். சூடேறிய வாளியைத் தூக்கிக்கொண்டு போவார், புதிதாகக் கரைத்து வைப்பார். "பெரியப்பா வந்துட்டாக" என்று நான் சொல்லும்போதே அம்மாவின் முகம் தெளியும். இதை எழுத இன்று நான் இருக்கிறேன் என்றால், அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். அன்றோ முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாழை மேல் இருக்கிற அக்கறையில் கொஞ்சம் ஊசி குத்துகிற என் தொடை மேல் இருக்கக்கூடாதா இவருக்கு?

கரண்டு வந்த அன்று, ஐஸுக்கு அலைந்ததில் தோட்டத்துப் பக்கமே போகாதிருந்த அப்பா, என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் பெரியப்பாவின் தோட்டம். குலை தள்ளிய வாழை அத்தனையும் அந்தக் காற்றில் முறிந்து தரையோடு கிடந்தது. ஒன்றுகூட நிற்கவில்லை. அப்பா வண்டியை நிறுத்தினார்.

"பெரியப்பா எந்த வாழைக்கு அம்புட்டு யூரியா கரைச்சாக?" என்று கேட்டேன்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியைப் பெரியப்பா வீட்டுக்கே திருப்பினார். இனி ஊசி நிற்கவே நிற்காது என்ற துக்கத்தில், நானும் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே போனேன்.