பவானி அக்கா வெட்டிய வான்கோழி

பவானி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். அவர் ஓய்வு பெறும்வரை இருந்த மேசை எனக்கு எதிரேதான். தொலைபேசியில் பேசியது அவருடைய மகள் துர்கா. "அம்மா நித்திரையிலேயே போயிட்டா, வாணி அன்ரி" என்றாள். பிறகு, "பெரியப்பா வந்திட்டார். எல்லாத்தையும் தான் பாக்கிறாராம்" என்றாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது இன்னும் தணியவில்லை. ஆகவே இந்த அஞ்சலி சாந்தமாக இராது. அக்காவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெரியப்பா, அதாவது அக்காவின் கணவருடைய தமையனார், இறுதிச் சடங்கு மண்டபத்தில் முதலாவதாகப் பேசினார். "பவானி எல்லாத்துக்கும் விட்டுக்குடுத்துப் போற பிள்ளை" என்றார். உங்களில் பலர் தலையாட்டினீர்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் அக்காவுடன் நீண்ட காலம் வேலை செய்தவள் நான். அவர் விட்டுக்கொடுத்தவையும் எனக்குத் தெரியும், விட்டுக்கொடுக்காததும் தெரியும்.

அக்கா நாற்பது வயதில் கணவரை இழந்தவர். சில வருடங்களில் அந்தத் தமையனாரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அக்கா வேலைக்கு விடுமுறை போட்டுவிட்டுப் போய்ப் பலகாரம் சுட்டார். கல்யாணத்தன்று மணமக்களுக்கு ஆலாத்தி எடுக்கப் பெண்களைக் கூப்பிட்டபோது பழக்கத்தில் அவரும் எழுந்தார். "நீர் உந்தப் பின் கதிரையிலை இரும் பவானி. குறை நினைக்காதையும்" என்றாராம் தமையனார். பின்வரிசையில் இருந்துதான் அக்கா தாலி கட்டுவதைப் பார்த்தார். திங்கட்கிழமை வேலைக்கு வந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தபடி, "முறுக்குப் பிழியேக்கை மட்டும் என்ர கையிலை ஒரு குறையுமில்லை, பாரும்" என்றார்.

அந்த வருட மார்கழியில்தான் வான்கோழி தொடங்கியது. "எனக்கு ஒரு கொண்டாட்டம் வேணும் வாணி. ஆர் முன்னுக்கு நிக்கிறது, ஆர் பின்னுக்கு நிக்கிறது எண்டு எங்கட சனத்துக்கு இன்னும் தெரியாத கொண்டாட்டம்" என்றார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸ் நாளில், முழு வான்கோழி வைத்து, ரூஜ் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டார். உறவினர் கதைத்த கதைகள் எனக்கு நினைவிருக்கின்றன. சைவக்காரிக்கு என்ன நத்தார்? திருவெம்பாவை நாளில் இறைச்சியோ? புருஷன் இல்லாதவளுக்கு உந்த எடுப்பு என்னத்துக்கு? அக்கா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "விரதகாரருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு தனியடுப்பிலை வைச்சிருக்கிறன். வாங்கோ." கதைத்தவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள்.

முதல் வான்கோழியை வாங்க அஜின்கோர்ட்டில் எங்கள் ஆட்களின் இறைச்சிக் கடைக்கு நானும் கூடப் போனேன். அக்கா அதைத் தட்டிப் பார்த்தார், நெஞ்சு அகலமா என்று பார்த்தார், தோல் கிழிந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். "பெரிசை வாங்கினால் ஊருக்குத்தான் பெருமை, உள்ளுக்கு வேகாது" என்று நடுத்தரமான ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கறிவேப்பிலை பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது வான்கோழி துண்டு துண்டாகப் பையில் கிடந்தது. கடைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சின்னத் துண்டாத்தான் போட்டிருக்கிறன் அக்கா. கறிக்கு நல்லாயிருக்கும்."

"ஐயோ தம்பி, முழுசா வைக்கவல்லோ வாங்கினனான்!"

"முழுசாவோ? எந்தச் சட்டியிலை அக்கா?"

அக்கா கடையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதையும் வாங்கி, இன்னொன்றும் வாங்கி, அது கட்டி முடியும்வரை வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் காவல் நின்றார்.

வீட்டில் இன்னொரு வழக்கு. வான்கோழியைக் கழுவக்கூடாது, தண்ணீர் தெறித்தால் கிருமி பரவும் என்று நான் வாசித்துக் காட்டினேன். "கழுவாமல் வைச்சால் எங்கட அம்மா கனவிலை வந்து அடிப்பா" என்றார். பிறகு மகளுக்குச் சின்னப்பிள்ளையில் வயிற்றோட்டம் வந்து பட்ட பாட்டை நினைத்தாரோ என்னவோ, கழுவாமல் கடதாசித் துவாயால் ஒற்றி எடுத்தார். உப்பைப் பூசிக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் ஓர் இரவு மூடாமல் வைத்தார். அடுத்த நாள் வெண்ணெயில் உள்ளிப்பூண்டும் வறுத்த கறித்தூளும் குழைத்து, தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே விரல்களை விட்டுத் தடவினார். தோல் எங்கும் கிழியவில்லை. "அவசரப்படாமல் உள்ளுக்குப் போகவேணும். கிழிச்சால் சாறெல்லாம் ஓடிப்போம்" என்றார். வெந்து வந்தது தேக்குமர நிறத்தில். வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு மேசையின் தலைமாட்டில் அவர் நின்ற நிற்பை நான் மறக்கமாட்டேன். அந்த வீட்டில் ஒருவரும் அவரைப் பின்னுக்குப் போகச் சொல்லவில்லை.

அப்படிச் சில வருடங்கள் போயின. அதுவரை வராதிருந்த தமையனார் ஒரு முறை குடும்பத்தோடு வந்தார். வான்கோழி மேசைக்கு வந்ததும் எழுந்து கத்தியை எடுத்தார். அக்கா, "அண்ணை, அதை இஞ்சை தாங்கோ" என்றார்.

"இல்லைப் பவானி, உது வீட்டு ஆம்பிளையள்தான் வெட்டுறது. வெள்ளைக்காரற்ற வழக்கமே அதுதான். நீர் இரும்."

தமிழ் வழக்கத்தைச் சொல்லி ஒரு பெண்ணைப் பின்கதிரையில் இருத்தினார்கள். அவர் அந்தக் கதிரையை விட்டு எழுந்து தனக்கென்று ஒரு மேசை போட்டார். அங்கேயும் வந்து, இந்த முறை வெள்ளைக்காரரின் வழக்கத்தைச் சொல்லி இருக்கச் சொன்னார்கள். அடுத்த வீட்டு வழக்கத்தில் அவர்கள் கற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான்!

அக்கா குரலை உயர்த்தவில்லை. "எங்கட வழக்கத்திலையும் நான் இருக்கவேணும், அவங்கட வழக்கத்திலையும் நான் இருக்கவேணுமோ அண்ணை? இது என்ர வீடு. கத்தியைத் தாங்கோ" என்றார். கையை நீட்டியபடியே நின்றார். தமையனார் கத்தியைக் கொடுத்தார். அக்கா ஒன்றும் நடக்காததுபோல முதல் துண்டை வெட்டி, "உங்களுக்குக் காலோ, நெஞ்சோ?" என்று கேட்டார். அவர் தட்டை நீட்டி, "கால்" என்றார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ரொறன்ரோ முழுவதும் அக்காவை வாய்க்காரி என்று சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

அந்த வாய்க்காரிதான் இறந்ததும் விட்டுக்கொடுத்துப் போகிற பிள்ளை ஆகிவிட்டார். ஒருவர் பதில் சொல்ல முடியாத நாளில் அவரைப் பற்றி இப்படிப் பேசுவது அஞ்சலி இல்லை, அபகரிப்பு.

தகனச் சாலையில் எரியூட்டும் பொத்தானை அழுத்தும் நேரம் வந்தபோது தமையனார் தன் மகனை முன்னே தள்ளினார். "பொம்பிளைப் பிள்ளையள் செய்யிறேல்லை" என்றார். கனடாவில் பிறந்த துர்கா ஒரு கணம் தமிழைத் தேடினாள். "நோ, பெரியப்பா. அம்மாக்கு நான் மட்டும்தான். நான்தான் செய்வன்" என்றாள். பெரியப்பாவின் மகன் விலகி அவளுக்கு வழிவிட்டான். அழுத்திய பிறகுதான் அவள் அழுதாள்.

பவானி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, நீட்டிய கையை மடக்காமல் நின்ற அந்தப் பிடிவாதத்தை. வரும் கோடையில் என் மகளின் அரங்கேற்றம். மங்கள விளக்கை ஏற்றும் தம்பதியர் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தம்பதியர் ஒருவரும் இல்லை. மாமனார் இறந்தபின் எந்த மேடையிலும் ஏறாத என் மாமியாரைக் கேட்டேன்.

"நானோ பிள்ளை? சனம் என்ன சொல்லும்?"

"சொல்லிப்போட்டு வந்து சாப்பிடும், மாமி" என்றேன். "நீங்கள் ஏத்துங்கோ."