இரட்டைச் சுழி

திருத்தணி மலையில், மொட்டை போடும் மண்டபத்தில்தான் அவரைப் பார்த்தேன். மொட்டை போடுகிறவர்; மெலிந்த மனிதர், முழு வழுக்கை, விரல்களில் சந்தனக் கறை. எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் தண்ணீரை அள்ளித் தன் வழுக்கையில் தட்டிக்கொள்வார். அழுகிற குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கும்.

நாங்கள் ஜெர்மனியில் வசிப்பவர்கள். காப்பகத்திலிருந்து தத்தெடுத்த மூன்று வயது மகளோடு அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டும். கோர்ட்டு, விசா எல்லாம் முடிந்திருந்தன. ஆனால் அவள் எங்களைத் தொடவே விடவில்லை. வராத பிள்ளையை வலுக்கட்டாயமாகக் கொண்டுபோகிறோமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. அவளுக்கும் எனக்கும் மொட்டை என்று மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா யார் மடியில உக்காரும்?" என்றார்.

நாங்கள் இருவரும் விழித்தோம்.

"சரி, நைனா மொதல்ல உக்காருங்க. பாப்பா பாத்துகினு இருக்கட்டும்."

என் தலை மழித்து முடிந்ததும் மகள் மெல்ல வந்து அதைத் தடவிப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு தானாகவே என் மடியில் ஏறிக்கொண்டாள்.

அவளுக்கும் மழித்துவிட்டு அவர் என் மனைவியைக் கூப்பிட்டார். "பாருங்கம்மா, ரெட்டச் சுழி. அப்படியே நைனா தலைதான். ரெண்டையும் மேய்க்கிறது கஷ்டம்மா!"

தத்தெடுத்ததை நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. நாங்கள் விழித்ததிலேயே புரிந்துகொண்டாரா, உண்மையாகவே பார்த்துத்தான் சொன்னாரா, தெரியவில்லை.

இப்போது இருவருக்கும் முடி வளர்ந்துவிட்டது. என் உச்சியில் எத்தனை சுழி என்று மனைவியிடம் நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.