சம்பந்தி வருகிறார், மலை ரயிலுக்கு வரிசையில் நில்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை. பசியாறிவிட்டு நாளிதழைப் பிரிக்கிறேன், போன் அடிக்கிறது. கிள்ளானிலிருந்து சம்பந்தி.

"சம்பந்தி, சனி, ஞாயிறு, திங்கள்னு மூணு நாள் லீவு வருதுல்ல... அப்படியே பினாங்கு பக்கம் வரலாம்னு இருக்கோம். உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?"

பெண்ணைக் கொடுத்தவன் இந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்? தொந்தரவா, என்ன சம்பந்தி இப்படிக் கேட்டுவிட்டீர்கள், வாருங்கள் வாருங்கள் என்றேன். குரலில் உற்சாகம்கூட இருந்தது. போனை வைத்த பிறகுதான், ஏறப்போகும் படிகளை நினைத்து என் முட்டி வலித்தது.

சுற்றுலா ஊரில் குடியிருப்பவர்களின் கஷ்டம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. "உங்களுக்கென்ன சார், கடல் இருக்கு, மலை இருக்கு, தினமும் லீவுதான்" என்று இந்தப் பத்தியைப் படிக்கும் ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மா, கடல் இருக்கிறதுதான். அதைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? நான் பார்ப்பதெல்லாம் கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்பதைத்தான்.

எங்கள் வீடு பாயான் பாருவில். பக்கத்திலேயே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்பேட்டை. அங்கே ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் பிளானராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மெஷினில் எந்த வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று அட்டவணை போடுவதுதான் உத்தியோகம். வேலை போனாலும் புத்தி போகவில்லை. விருந்தாளிகளுக்கும் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன்.

சாதாரணத் தாளில் இல்லை. லேமினேட் செய்த அட்டை!

முதல் நாள்: காலை எட்டு மணிக்குப் பசியாறல். ஒன்பதுக்கு ஜார்ஜ் டவுன், சுவர் ஓவியங்கள், அவற்றின் முன்னால் போட்டோ. பத்தரைக்குக் கடல்மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள். பன்னிரண்டுக்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் கறிச்சோறு. சம்பந்தி அம்மா சைவம் என்பதால் அவருக்கு மட்டும் லிட்டில் இந்தியாவில் இலைச் சாப்பாடு. மாலை தண்ணீர்மலைக் கோயில். இரண்டாம் நாள்: பினாங்கு மலை, பிறகு தேங்காய்ப்பால் ஐஸ் போட்ட செண்டோல், பிறகு ஜாதிக்காய், ஊறுகாய், பிஸ்கட் வாங்குதல். அந்த வாரம் ஊரில் ஏதாவது விழா நடந்தால் அதற்கென்று அட்டையின் கீழே ஒரு காலி இடம்கூட விட்டிருக்கிறேன்.

நான்கு வருடமாக இதே அட்டைதான். வருடத்துக்கு மூன்று தடவையாவது சம்பந்தி குடும்பம் வந்துவிடும். சம்பந்தி, சம்பந்தி அம்மா, அவர்களை விடுமுறை நெரிசலில் ஏழு மணி நேரம் கார் ஓட்டிக் கூட்டி வரும் என் மகள் ஷாமினி. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. பொது விடுமுறையில்தான் அவருக்கு வேலை அதிகம். அதனால் அவர் வருவதே அபூர்வம்.

இதில் என் வீட்டம்மாவுக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஒவ்வொரு தடவையும் அதேதான்.

"ஏங்க, இந்தத் தடவையாவது பிள்ளைய ஒரு நாள் வீட்டுல விட்டுட்டுப் போங்களேன்."

எப்படி விட முடியும்? மாமனார் மாமியாரைக் காரில் ஏற்றிவிட்டு மருமகள் அம்மா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? நாளைக்கும் அங்கே வாழ வேண்டியவள் அவள். ஒரு சின்னப் பேச்சு வந்துவிடக்கூடாது. அதற்காகத்தானே நான் அட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைகிறேன்? இதை நான் விளக்கிச் சொன்னால் வீட்டம்மா சமையலறைக்குள் போய்விடுவாள். ஐந்து பேருக்கு மூன்று நாள் சமையல் என்றால் சும்மாவா? அவளாலும் நகர முடியாது. பெற்றவளும் பெண்ணும் பேசிக்கொள்வது சாயங்காலம் பாத்திரம் கழுவும் அரை மணி நேரம் மட்டும்தான். அதுவும் குழாய்ச் சத்தத்துக்கு நடுவில்.

அந்தச் சனிக்கிழமை அட்டைப்படியே போனது. அதாவது, அட்டைப்படி எதுவுமே நடக்கவில்லை. ஏதோ கலை விழா என்று இரண்டு தெருவை அடைத்துவிட்டார்கள். கொம்தார் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் கிடைத்த பார்க்கிங்கிலிருந்து சுவர் ஓவியத்துக்கு நடந்ததற்குக் கிள்ளானுக்கே நடந்து போயிருக்கலாம். ஓவியத்தின் முன்னால் போட்டோ எடுக்க ஒரு பெரிய வரிசை. சுவரைப் பார்க்கவும் வரிசை!

சம்பந்தி சிரித்தபடி நின்றார். நான் "கை... கையை அப்படி வையுங்க" என்று போட்டோ எடுத்தேன். இதே சுவர், இதே கை, இதே சிரிப்பு என் போனில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கிறது. ஷாமினி மாமியாரின் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு நிழலில் சாய்ந்திருந்தாள்.

தண்ணீர்மலையில் பாதிப் படியிலேயே சம்பந்தி உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்" என்றார். பாவம், வெயில் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயர் ஈத்தாம். மலை ரயிலின் கீழ் நிலையம். நீண்ட விடுமுறையில் அங்கே போயிருக்கிறீர்களா? மலேசியா முழுவதும் அங்கேதான் நிற்கும். டிக்கெட் கையில் இருக்கிறது, ரயிலில் ஏற இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பெண்கள் இருவருக்கும் ஒரு பெஞ்சு கிடைத்தது. ஆண்கள் நாங்கள் வரிசையில்.

திரும்பிப் பார்த்தேன். ஷாமினி உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சரிய, சம்பந்தி அம்மா தன் தோளை மெல்ல நகர்த்தி அந்தத் தலையை வாங்கிக்கொண்டார். அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. இந்த மலைக்கு நாம போய்த்தான் ஆகணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்குப் பிடிக்குமே என்றுதானே சம்பந்தி, என்றேன்.

"எனக்கு உசரமே ஆகாது லா, படியேறவும் முட்டி விடாது. இந்த ரயில்ல ஏறி உக்காந்தா எறங்குற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுத்தான் இருப்பேன்."

அப்படியானால் நான்கு வருடமாக? அவர் தயங்கினார். எங்கள் அட்டையைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லையாம். இவ்வளவு ஆசையாக லேமினேட் போட்டு வைத்திருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று சம்பந்தி அம்மாவும் சொன்னாராம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரி, ஊர் சுற்றவும் பிடிக்கவில்லை, முட்டி வலியும் இருக்கிறது. பிறகு எதற்காக வருடத்துக்கு மூன்று தடவை கிள்ளானிலிருந்து வருகிறீர்கள்? இப்படி நேராகக் கேட்கவில்லை. சம்பந்தியிடம் அப்படிக் கேட்க முடியுமா? கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

அவர் சொன்னார். குரலைத் தாழ்த்தி, என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி இருந்துவிடக்கூடாது என்று வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கிச் சொன்னார்.

கல்யாணமான மூன்றாவது மாதம். ஒரு விடுமுறைக்கு ஷாமினி தனியாகப் பேருந்து ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளைக்கு ஷிப்ட், நீ போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா என்று அவர்கள்தான் சந்தோஷமாக அனுப்பி வைத்திருக்கிறார்கள். அவள் வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, நான் கிள்ளானுக்குப் போன் போட்டிருக்கிறேன்.

"'பிள்ள தனியா வந்து நிக்குது, அங்க ஏதும் மனஸ்தாபமா சம்பந்தி?'ன்னு கேட்டீங்க. அன்னிக்கு எங்க வீட்டுக்காரி ரொம்ப அழுதுட்டா. வந்து மூணு மாசத்துல மருமகள வெரட்டி விட்டுட்டோம்னு நெனைச்சிட்டாங்களேன்னு. அதுலேருந்துதான் சம்பந்தி... பிள்ளையத் தனியா அனுப்புறதே இல்ல. எங்களுக்கும் வயசாவுது. அவ்ளோ நேரம் கார்ல உக்கார முடியல."

கேட்டேனா? கேட்டேன். நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் ஷாமினி பையோடு நிற்கிறாள், "என்னம்மா, தனியா வந்திருக்க?" என்பதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. ஒன்றுமில்லை அப்பா என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. போன் போட்டு விசாரித்துவிட்டு, பொறுப்பான அப்பா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நம் ஆட்களில் எந்த அப்பா கேட்காமல் இருப்பார் சொல்லுங்கள்? கட்டிக்கொடுத்த பெண் கையில் ஒரு பையோடு தனியாக வந்தால், நமக்கு அது சண்டையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆக, அவள் தனியாக வந்தால் நான் பயப்படுவேன் என்று அவர்கள் கூட வந்தார்கள். அவர்கள் வந்ததால் நான் ஊர் சுற்றிக் காட்டினேன். நான் சுற்றிக் காட்டியதால் அவள் வீட்டில் இருக்கவே இல்லை. முப்பது வருடம் அட்டவணை போட்ட மூளைக்கு இது எட்டவில்லை. மிகவும் வெட்கமாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வரிசையிலிருந்து விலகினோம். பின்னால் நின்ற குடும்பம் எங்களை ஏதோ தியாகிகளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஷாமினியைத் தட்டி எழுப்பி, வீட்டுக்குப் போகலாம்மா என்றேன். திடுக்கிட்டு எழுந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டாள்.

காரில் விஷயத்தைச் சொன்னோம். நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. கோபப்படும் தெம்பும் இல்லை போல.

"மாமாவும் அத்தையும் ஆசப்பட்டு வர்றாங்கன்னு நீங்க சொன்னீங்க. உங்கப்பா ஆசையா கூட்டிட்டுப் போறாருன்னு அவங்க சொன்னாங்க. நான் யார்கிட்டப்பா சொல்றது?"



மதியம் வருவதற்குள் வந்து நின்ற எங்களைப் பார்த்ததும் வீட்டம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். "ஏங்க, என்ன ஆச்சு? ஏதும் சண்டையா?" பாருங்கள், எங்கள் வீட்டில் சீக்கிரம் வந்தாலும் சண்டைதான். சம்பந்தி அம்மா ஒன்றும் விளக்கவில்லை. அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, அடுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும்படியும் சொன்னார். நான்கு வருடத்தில் என் வீட்டுச் சமையலறையில் அவர் கால் வைத்தது அன்றுதான். அதற்கு முன் நாங்கள் விட்டால்தானே?

நானும் சம்பந்தியும் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். அவர் கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே குறட்டை விட்டார். அறைக்குள்ளிருந்து தாயும் மகளும் பேசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இடையில் ஒரு தடவை சிரிப்பு, பிறகு மறுபடியும் பேச்சு. எட்டிப் பார்க்கலாமா என்று எழுந்தவன் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டம்மா வெளியே வந்தாள். கையில் மூன்று ரவிக்கைகள். கண் சிவந்திருந்தது. அவள் தையல் தெரிந்தவள். ஷாமினிக்கு ஆசை ஆசையாகத் தைத்து அலமாரியில் வைத்திருந்தாளாம். ஒவ்வொரு தடவையும் போட்டுப் பார்க்கச் சொல்ல நேரம் இல்லாமல் அப்படியே கிடந்திருக்கிறது.

"கல்யாணத்துக்கு எடுத்த அளவுல தைச்சேங்க. ஒண்ணுகூட சேரல. எம்பிள்ள இளைச்சுப் போனதே எனக்குத் தெரியல."

 மூன்றையும் பிரித்துத் தைக்க அளவு எடுத்தாகிவிட்டது என்று அவளே சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளையை மட்டும் ஒரு வாரத்துக்கு அனுப்பி வைக்கிறார்களாம். கார் வேண்டாம், பேருந்தில் வரட்டும், களைப்பாக இருக்காது என்றார் சம்பந்தி அம்மா. அவள் களைப்பை நான்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

சுங்கை நிபோங் பேருந்து நிலையத்தில் நான்தான் போய் நிற்பேன். அவள் ஒரு பையோடு தனியாக இறங்குவாள். பையை வாங்கிக்கொள்வேன்... வாயைத் திறக்க மாட்டேன்.