நீலத் திரை உண்ணாமலை

தனசேகரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பதினெட்டு வருஷம் அவருடைய பட்டு நிறுவனத்தில் ஜக்கார்டு அட்டை குத்தியவன் நான். அவர் சோற்றைத் தின்றுவிட்டு இப்படி எழுதலாமா என்று ஆரணியில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். இது உண்ணாமலையின் கதை, அவர் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அவள் கலசப்பாக்கம் பக்கத்துப் பெண். அப்பா அருள்மணி ஒன்றரைக் காணி வைத்துப் பயிர் செய்பவர். கம்ப்யூட்டர் டிசைன் படித்துவிட்டு 2003இல் எங்களிடம் வேலைக்கு வந்தாள். சேலை டிசைனைத் திரையில் கட்டம் கட்டமாக வரைவது அவள் வேலை. அவள் புள்ளி வைத்த இடத்தில் அட்டையில் ஓட்டை போடுவது என் வேலை. அந்த அட்டையைத் தறிக்கு மேலே மாட்டினால் ஜரிகை மயிலாகவோ மாங்காயாகவோ விழும். மூன்று வருஷத்தில் அவள் ஒரு புள்ளி தப்பி நான் பார்த்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "கண்ணாடிய மாத்துங்கண்ணே, இல்லன்னா மயிலுக்கு மூணு கால் வெச்சிடுவீங்க" என்பாள். மாற்றினேன்.

2006 தொடக்கத்தில் முதலாளி பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டு லேப்டாப் வாங்கினார், அதுவரை வரைந்த டிசைன்களும் அதற்கு மாறின. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து அவள் வேலையில் உட்கார்ந்த அன்றே, திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்தில் இங்கிலீஷாக ஏதோ வந்து நின்றது. அணைத்துப் போட்டால் சரியாகும், கால் மணி நேரத்தில் மறுபடி நீலம். வரைந்தது எல்லாம் போய்விடும். பத்து நாள் இதே பேஜார். கல்யாண சீசன் வேறு, தறிகள் டிசைன் இல்லாமல் சும்மா நின்றன.

வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். மெஷினின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "யாரோ கண்டதையும் ஏத்திகிறாங்க சார். வைரஸ். பார்மட் அடிச்சா சரியாயிடும்" என்றான்.

உண்ணாமலை பதறிவிட்டாள். "டிசைனுங்க எல்லாம் உள்ள இருக்குது. சிடில எடுத்துக்கறேன், அப்புறமா அடிங்க" என்றாள். முதலாளிக்கு அவசரம். அடி என்று கை காட்டினார். இருநூற்றுப் பதினான்கு டிசைன்கள், அவளுடைய மூன்று வருஷம், துடைத்துப் போட்டதுபோல் போனது. மறுநாள் காலையில் அதே நீலம் வந்தது.

அதற்குத்தான் தனசேகரன் எங்களைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். எட்டு நெசவாளிகள், நான், நடுவில் அவள்.

"மெஷினையே தின்னுட்டா இவ. படம் பாத்துகினு, கண்ட சிடியும் போட்டுகினு இருந்தா இன்னா ஆவும்? இவ கை வெச்சது எதுவும் வெளங்காது. போம்மா, ஊருக்குப் போய் நாத்து நடு" என்றார்.

"நான் எதுவும் போடல மொதலாளி. துரைக்கண்ணு அண்ணனக் கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போது என்னையே நாலு அறை விடவேண்டும் போல் இருக்கிறது.

அதன்பிறகு ஆரணியில் எந்தப் பட்டுக்கடையும் அவளைச் சேர்க்கவில்லை. மெஷினைத் தின்றவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்றது. அவள் வேலூருக்குப் போனாள். லேப்டாப் ரிப்பேர் கடை ஒன்றில் ஏழு மாதம் கடையைக் கூட்டி, ஸ்க்ரூ கழற்றி, தொழிலைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப்பட்ட நீலம் பல சமயம் மெமரிக் கோளாறால் வருவது, அதற்கு பார்மட் அடித்துப் பயனில்லை என்பது அங்கேதான் தெரிந்திருக்கிறது. தன் டிசைன்களை அழித்தது வீண் என்று தெரிந்த அன்று சோறு இறங்கவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

2007 ஆடியில் ஆரணிக்குத் திரும்பி, முதலாளி தினமும் காபி குடிக்கப் போகிற வழியில் கடை பிடித்தாள். பலகையில் ஒரே வரி: "லேப்டாப்பில் நீலத் திரையா? உள்ளே வாங்க."

"இன்னாம்மா இது?" என்றேன்.

"அவரு தெனம் படிக்கணும்ணே. ஒரு நாள் படிச்சிட்டு உள்ள வரணும். அதுக்குத்தான் இங்க உக்காந்துகினு இருக்கேன்."

ஊர் அவளுக்கு நீலத் திரை உண்ணாமலை என்று பெயர் வைத்தது. மெஷினைத் திறக்கும் முன் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொடுவாள். உடம்பில் தேங்கும் துளி மின்சாரம் போதுமாம், மெமரி செத்துவிடுமாம். பட்டு உரசினாலும் அது ஏறுமாம், பட்டு கட்டி வந்தவர்களை மேஜை அருகே விடமாட்டாள். ஆரணியில் உட்கார்ந்துகொண்டு பட்டைத் தள்ளி நில் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அந்த வருஷ ஆயுத பூஜை முடிந்தது. இப்போது முதலாளியிடம் இருந்தது புது லேப்டாப், பழையது அலமாரியில் கிடந்தது. வரைவது துர்கா என்ற புதுப் பெண். நாலே நாளில் நீலம். உள்ளே முதலாளியின் மகள் பானுப்ரியாவுக்குத் தையில் நடக்கப்போகிற கல்யாணத்தின் முகூர்த்தச் சேலை, பாதி வரைந்தபடி இருந்தது. முதலாளி துர்காவைப் பிடித்துக்கொண்டார். "நீயும் வெளங்காதவளா? இன்னாத்தத் தட்டித் தொலச்ச?" இரண்டு நாளாக அந்தப் பெண்ணின் முகம் வீங்கியிருந்தது. வேலூர்க்காரன் மறுபடி பார்மட் என்றான். சொந்த மகள் சேலை என்றதும் முதலாளிக்கு மனம் வரவில்லை.

என்னை அனுப்பினார். "அவரு வரட்டும்" என்றாள் உண்ணாமலை. மறுநாள் அவரே போனார். பலகையைப் படித்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"அங்க வந்தே பாக்கறேன். அன்னிக்குக் கூடத்துல இருந்தவங்க அத்தன பேரும் இருக்கணும். அலமாரில இருக்கற பழைய லேப்டாப்பும் இருக்கணும்" என்றாள்.

வந்தாள். முதலில் ஒரு சிடியைப் போட்டு மெமரியைச் சோதித்தாள். மூன்றாவது நிமிஷம் திரையில் கோளாறைக் காட்டும் சிவப்பு வரிகள் இறங்கின. மெஷினைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றினாள். உள்ளே மெமரியின் பச்சைத் தகட்டின்மேல் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். சந்தனத் தண்ணீர் வழிந்து பொன்னிறப் பற்களில் காய்ந்திருந்தது.

"இத வெச்சது யாருங்க?"

முதலாளி முழித்தார். "தறியில ஊடை நூலோட ஓடற நாடாவுக்குக்கூட தனியாப் பொட்டு வெக்கறோம் இல்ல... இதுதான் மெஷினுக்கு மூளைன்னு வித்தவன் சொன்னான். மேல மட்டும் வெச்சா போதுமான்னுட்டு, தொறந்து..."

பூஜைக்கு முன்னால் அவர் என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிப் போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின வருஷமும் வாங்கினார்.

உண்ணாமலை பழைய லேப்டாப்பைத் திறந்தாள். அதே சந்தனம், அதே குங்குமம், ஒரு வருஷத்துப் பழசு.

"இத வெச்சது?"

முதலாளி வாசல் பக்கம் திரும்பினார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. என்னச் சொன்னப்ப நல்லாத்தான தொறந்துச்சி?"

"நான்தாம்மா" என்றார். கூடத்தில் அத்தனை பேரும் கேட்டோம்.

ரப்பரால் பற்களைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அரை மணியில் புது மெஷினைச் சரி செய்துவிட்டாள். சிவப்பு ஒன்றுகூட இல்லை. முகூர்த்தச் சேலையின் பாதி டிசைன் திரையில் வந்து நின்றது. முதலாளிக்கு உயிர் வந்தது. "துர்கா, உக்காரு. ஜல்தி முடி" என்றார்.

உண்ணாமலை துர்காவிடம் திரும்பினாள். "ரெண்டு நாளா உன்னத் திட்டினாரே. இப்பனாச்சும் தப்புன்னு சொன்னாரா?"

"இல்லக்கா."

"என் கடைக்கு ஆள் வேணும். இன்னிக்கே வரியா?"

துர்கா டிபன் பையை எடுத்துக்கொண்டாள்.

"பழி வாங்கறியா நீ?" என்று முதலாளி கத்தினார்.

"ஆமாங்க. என்னோடது இருநூத்திப் பதினாலு போச்சு. உங்களோடது பாதி சேல."

டிசைன் வரைய ஆரணியில் வேறு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் கூடத்தில் நடந்தது எட்டு வாய் வழியாக ஊர் முழுக்கப் போயிருந்தது. அந்த லேப்டாப் முன்னால் உட்கார ஒருத்தரும் வரவில்லை. தை மாதம் பானுப்ரியாவுக்குத் தாலி ஏறியபோது அவள் கட்டியிருந்தது எதிர்க்கடைச் சேலை. கரையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் நின்ற நெசவாளிகளுக்கும் தெரிந்தது. அன்று பந்தியில் நான் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.