பால் பொங்கிய பயர்ப்பிளேஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஜன்னல்கள் மூன்றிலிருந்தும் கறுப்புப் புகை வந்தது. வீடு தீப்பற்றவில்லை. நடந்தது வேறு.

முதலில் அந்த ஓட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வாடகை வீட்டின் ஹால் ஒரு காலத்தில் குசினியாக இருந்தது. வீட்டுக்காரர் பின்னால் புதுக் குசினி கட்டியபோது பழைய அடுப்பை இடித்தார். புகைபோக்கியை அப்படியே விட்டுவிட்டார். அதனால் ஹால் சுவரில் கரி படிந்த ஒரு பெரிய வாய். இரண்டு வருடம் அதைத் திரை போட்டு மறைத்தோம். பயன்? வந்தவர்கள் எல்லாரும் திரைக்குப் பின்னால் என்ன என்று கேட்டார்கள்.

இந்த நிலையில், என் மனைவி கமலத்தின் தமக்கை யாழ்ப்பாணத்திலிருந்து முதல் தடவையாக வருவதாகக் கடிதம் போட்டார். கமலம் அதை இரண்டு தடவை வாசித்தாள். காரணம் உண்டு. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று நாங்கள் பால் காய்ச்சவில்லை. மழையில் சாமான் நனைய, லொறிக்காரன் அவசரப்படுத்த... விட்டுப்போய்விட்டது. கமலம் அதை வெள்ளை மனத்தோடு எழுதியும்விட்டாள். அன்றிலிருந்து அக்காவின் ஒவ்வொரு கடிதத்திலும் பால் காய்ச்சாத வீட்டைப் பற்றி ஒரு வரி. எனக்குத் தடுமன் பிடித்தாலும் அதுதான் காரணம்.

அப்படிப்பட்டவர் வாயிலிருந்து 'நல்ல வீடு' என்று ஒரு சொல் வர வேண்டும். கமலம் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கொள்ளுப்பிட்டியில் ஓர் ஏலம். சீமைக்குத் திரும்பும் தோட்டத்துரை ஒருவரின் சாமான்கள். அதிலே ஒரு பயர்ப்பிளேஸ் கண்டேன் — வார்ப்பிரும்புச் சட்டம், கிராதி, அடியில் பதிக்க நீலப்பூ ஓடுகள், மேலே தேக்குத் தட்டு. நுவரெலியாவில் துரை குளிர்காய்ந்தது. கொழும்பு வெயிலில் இது எதற்கு என்கிறீர்களா? அந்த ஓட்டையை நீங்கள் பார்த்ததில்லை.

வாங்கி வந்த பிறகுதான் அளந்தேன். சட்டத்தைவிட ஓட்டை எட்டு அங்குலம் அகலம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தோனி மேசன் வந்தார். பக்கத்துக்கு நாலு அங்குலம் செங்கல் வைத்துக் கட்டினார். சட்டத்தை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"நெருப்பு மூட்டுவீங்களா, ஐயா?"

"இல்லை. சும்மா வடிவுக்கு."

"அப்ப மேல அடைச்சிடுறேன். இல்லாட்டி காகம் கூடு கட்டும்."

உள்ளே தகரம் வைத்து, சிமெந்து பூசி, புகைபோக்கியை அடைத்தார். நான் மூன்று விறகுக் கட்டைகளுக்கு வார்னிஷ் பூசிக் கிராதியில் அடுக்கினேன். மின்னியது! கமலம் கிட்ட நின்றும் எட்ட நின்றும், பிறகு வாசலுக்கே போய் உள்ளே வந்தும் பார்த்தாள் — அக்காவின் கண்ணால்.

அக்கா ஞாயிறு விடிய மெயில் ரயிலில் வந்தார். ஹாலைப் பார்த்தார். குளிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். நாங்கள் இருவரும் சந்தைக்குப் போனோம். வழி நெடுகக் கமலத்துக்கு ஒரே கேள்விதான். அக்கா ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

திரும்பியபோதுதான் அந்தப் புகை.

உள்ளே ஓடினோம். பயர்ப்பிளேஸின் முன்னால் அக்கா, ஈரத்தலையோடு, சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தார். என் வார்னிஷ் கட்டைகள் கொழுந்துவிட்டு எரிந்தன. மேலே போக வழியில்லாத புகை ஹாலில் நிறைந்திருந்தது. கிராதியின் மேல் ஒரு புது மண்பானை — யாழ்ப்பாணத்திலிருந்து வைக்கோல் சுற்றிக் கொண்டு வந்தது. அதில் காலையில் வந்த பால்.

"குசினியிலை இருக்கிறது மண்ணெண்ணெய் அடுப்பெல்லோ, பிள்ளை. அதிலையோ பால் காய்ச்சுறது? இது சாம்பல் படாத அடுப்பு. தம்பி விறகும் அடுக்கி வைச்சிருக்கிறார். எனக்காகத்தானே, தம்பி?"

நான் இருமினேன்.

ஒரு பொருளை வடிவுக்கென்று வாங்கி, துடைத்து, மூலையில் நிறுத்துகிறோம். அது வடிவுக்கு மட்டும்தான் என்று நமக்குத் தெரியும். அடுப்புக்குத் தெரியுமா? பசித்துக் கிடந்ததுபோல் எரிந்தது.

பால் எழும்பியது. கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நுரை விளிம்பில் ஒரு கணம் நின்றது... பிறகு வழிந்து, நீல ஓட்டின்மேல் சொட்டியது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கரி இன்னும் பரவியது.

"கிழக்காலை பொங்கியிருக்கு" என்றார். "நல்ல வீடு, கமலம்."

கமலத்தின் கண்ணில் நீர். கேட்டதற்கு, புகை என்றாள்.

புதன்கிழமை அந்தோனி மேசன் வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஓட்டிலிருந்த பால் கறையையும் தேய்க்கக் குனிந்தார். கமலம் விடவில்லை. வருகிறவர்களுக்கு அவள் இப்போது முதலில் காட்டுவது அதைத்தான்.

நுவரெலியாத் துரையின் பயர்ப்பிளேஸ் அந்தக் கறைக்கு ஒரு சட்டம்... அவ்வளவே!