படை போன வழியில் ஒரு கல்

பொள்ளாச்சிக்கு மேற்கே உள்ள சித்தூர்ப் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியனாக இருந்தபோது சென்னையிலிருந்து ஒரு சரித்திரப் பேராசிரியர் வந்தார். பழங்காலத்தில் ஒரு சோழ மன்னன் சேர நாட்டின்மேல் படையெடுத்துப் போன வழியில் தாமும் போய்ப் பார்த்துப் புத்தகம் எழுதப்போவதாகச் சொன்னார். கல்வெட்டுகளைப் படியெடுக்கவும் வழியை வரையவும் ஆள் வேண்டுமாம். தலைமையாசிரியர் என்னை அனுப்பிவைத்தார்.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே மாட்டுவண்டியில் புறப்பட்டோம். முதல் நாளே எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எந்தக் குளத்தைக் கண்டாலும், "படை இங்கேதான் தண்ணீர் குடித்திருக்கிறது" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மூன்றாம் நாள் மீனாட்சிபுரம் தாண்டி, ஒரு சோளக்காட்டு ஓரத்தில் நடுகல் ஒன்று கண்ணில் பட்டது. கையில் வாளோடு ஒரு வீரன், பக்கத்தில் பசு. காட்டுக்குச் சொந்தக்காரிக்கு ஐம்பது வயதிருக்கும். "ஏனுங்க, ஆரைப் பாக்க வந்தீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இவன் சோழப் படைவீரன். ஜெயித்த இடத்தில் விழுந்தவன்" என்றார் பேராசிரியர்.

அவள் முகம் சுண்டிப்போனது. "அந்தப் படைக்காரனுக மாட்டை ஓட்டிட்டுப் போறப்ப மறிச்சு நின்னு செத்தவருங்க இவரு. எங்க ஊட்டுச் சாமி. வருசா வருசம் பால் ஊத்தறோம்."

"இதுகளுக்கு என்ன தெரியும்?" என்று அவள் காதுபடவே என்னிடம் சொன்னார்.

நான் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி மை தடவினேன். பழைய எழுத்தில் இரண்டு சொற்கள் தெளிவாக எழுந்தன: 'தொறு மீட்டு'. மாடுகளை மீட்டு என்று பொருள். அவரும் படித்துவிட்டார்.

"அந்த வரியை விட்டுவிடும் ஓய். கல்லைப் பெயர்த்து மியூசியத்துக்கு அனுப்பிவிடலாம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, வண்டிக்காரனிடம் கடப்பாரை கேட்டார்.

அதற்குள் கூடிவிட்ட சனங்களைப் பார்த்து, "அந்தம்மா சொல்றதுதானுங்க சரி. கல்லுலயே அப்படித்தான் இருக்குது" என்று உரக்கச் சொன்னேன்.

அவள் கல்லை மறைத்து நின்றாள். பேச்சில் 'ங்க' போய்விட்டது. "கல்லைத் தொட்டா கை இருக்காது. போய்யா வெளிய!"

நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பினாள். "நீயும் அவங்கூட வந்தவன்தான? படிச்சுச் சொல்லிட்டா ஆச்சா? போ!" எங்கிருந்தோ வந்த மண்கட்டி என் தோளில் விழுந்து உடைந்தது.

"உங்களுக்கு வண்டி ஓட்டி எங்க சனத்துகிட்ட அடிவாங்க முடியாதுங்க" என்று வண்டிக்காரனும் போய்விட்டான். பொழுது சாயும்வரை நடந்தோம்.

இரண்டு வருடம் கழித்துப் பள்ளிக்குப் பேராசிரியரின் புத்தகம் வந்தது. அதிலிருந்த வரைபடத்தில் படை போன கோடு அவள் காட்டுக்குள் நேராக ஓடியது. 'சோழ வீரன் கல்' என்று அச்சிட்டிருந்தார்கள். சிவப்பு மையால் அதை அடித்து, கல்லில் இருந்ததை எழுதிவைத்தேன்.

"பள்ளிச் சொத்தைக் கெடுத்தது நீர்தானா?" என்றார் தலைமையாசிரியர்.

"பொய்யை அச்சடித்தவரைக் கேளுங்கள்" என்றேன்.

ஒரு மாதம் பள்ளிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.