பாதிரியார் கொண்டுபோன அகப்பை

கல்கத்தா பவானிபூரில் சித்தப்பா வீட்டில் தங்கி, பாதிரிமார் நடத்திய கல்லூரியில் தத்துவம் படித்தேன். சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க்கான சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"கிரேக்கன் சொன்னதைப் படி. நம்மள மாதிரி அவனுக்கும் ஊர்ப்பட்ட சாமி. அந்த சாக்ரடீஸ், விஷத்தைக் குடுத்தப்போகூட மறுபேச்சு பேசலை. பாதிரி சமாசாரம் ஒண்ணு வாசப்படி தாண்டித்தோ, மறுநாளே உன்னைக் கும்பகோணத்துக்கு ரயிலேத்திடுவேன்."

சொன்னால் செய்கிற மனிதர். சாக்ரடீஸின் பேச்சு தாங்காமல்தான் விஷமே கொடுத்தார்கள். சோறு போடுகிறவரிடம் இதைச் சொல்ல நான் சாக்ரடீஸ் இல்லை.

சங்கடம் என்னவென்றால், பாதிரிகளின் பெரிய சொற்களெல்லாம் கிரேக்கச் சொற்கள். லோகோஸ் என்று கிரேக்க ஞானிகள் உலகத்தின் ஒழுங்கைச் சொன்னார்கள். பாதிரிகள் அதையே கிறிஸ்து என்றார்கள். எதை வீட்டுக்குள் விடுவது, எதை வெளியே நிறுத்துவது? பரீட்சைக்கு முன் ஒரு காலையில், பிளேட்டோவின் காதல் ஈரோஸ், பைபிளில் பவுல் சொன்ன அன்பு அகப்பே என்று உரக்க உருப்போட்டுக்கொண்டிருந்தேன். சித்தி வந்து கையில் அகப்பையைத் திணித்தாள்.

"எத்தனை தரம் கத்துவே? இந்தா!"

சிரித்து மழுப்பினேன். பரீட்சை முடிந்ததும் எங்கள் பேராசிரியரான வெள்ளைக்காரப் பாதிரி, டிராம் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். சந்தேஷ் மிட்டாயைக் கடித்தபடி இங்கிலீஷில் சொன்னார்: "அகப்பே பற்றிப் பிரமாதமாக எழுதியிருக்கிறான். எங்கள் மதத்தின் உயிரே அதுதான்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து சித்தி கேட்டாள்: "அவருக்கும் அகப்பை வேணுமாமா?"

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "ஐயா, அது எங்கள் சொல்!" என்று இங்கிலீஷில் முழங்கி, அகப்பையை வரவழைத்துப் பாதிரியின் கையில் கொடுத்தார். எல்லோருக்கும் அள்ளிப் போடுவது என்று அர்த்தமும் சொன்னார். வெள்ளைக்காரன் தொட்டது இனி அடுக்களைக்குள் போகாது. ஆகவே, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கேட்காமலே கொடுத்தாரே, இதுவல்லவோ அகப்பே என்று பாதிரி கண்கலங்கிவிட்டார்.

அவர் போனதும் சித்தப்பா என் தோளைத் தட்டினார். "பாத்தியாடா, எல்லாம் நம்ம சரக்கு! எம்.ஏ.வும் அங்கேயே படி. இன்னும் என்னென்ன தூக்கிண்டு போயிருக்கான்னு கண்டுபிடி."

"அதை அப்புறம் கண்டுபிடிக்கட்டும்," என்றாள் சித்தி. "இன்னிக்குப் போனதுக்கு முதல்ல வழி சொல்லுங்கோ. குழம்பை எதாலே கிளறுவேன்?"